கண் நிறப்பிரிகை அல்ல

எங்கள் ஊரில் இலக்கியக் கூட்டம் முடிந்தபிறகு டீக்கடை வாசலில் நடப்பதுதான் கூட்டம். சில மாதங்களுக்கு முன் நாகர்கோவில் வடசேரியில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஒரு வரியைப் பற்றி வாக்குவாதம் வந்தது. கதை எழுதுகிற நண்பர் ஒருவரின் புதிய கதையில் ஒரு பெண் 'கருப்பாக இருந்தாலும் களையாக' இருக்கிறாள். இந்தத் தொடரை நாம் எல்லோரும் வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பெண் பார்த்துவிட்டு வருகிற அத்தைமார் சொல்கிற தொடர்.

"அந்த 'இருந்தாலும்' எதுக்கு வே?" என்று கேட்டேன்.

"நான் கண்ணால பாத்தத எழுதுகேன். அந்தப் பிள்ளை கருப்பு. களையும் உண்டு. ரெண்டும் உள்ளதுதானே?" என்றார்.

பக்கத்தில் நின்றவர் கோட்பாட்டுக்காரர். அவர் விடவில்லை. "கண்ணால பாத்தேன்னு ஒண்ணு கெடையாது. கருப்புங்கியது ஒரு சொல். சொல்லுக்கு வெளிய நிறம்னு எதுவும் இல்ல. எல்லாம் மொழி கட்டுனது."

மூன்றாமவர் எங்களோடு டீ குடிக்க மட்டும் வருகிறவர். வாழைக்குலை வியாபாரம். "எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணுபோலத்தான் கெடக்கும். தோட்டத்துல செந்துளுவன் குலையக் காயோட தடிய வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். நீங்க ரெண்டு பேரும் என்ன எளவுக்குச் சண்ட போடுகியோ" என்றார். இவருக்கு இருபது வருஷத்துக்கு முன் டிரைவர் வேலை கிடைத்து, கண் பரிசோதனையில் கைவிட்டுப் போயிற்று. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் எழுதிய புத்தகத்தைக் காட்டினார்களாம். இவருக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை.

யதார்த்தவாதி, மொழிவாதி, நிறக்குருடர் என்று இந்த மூவரையும் வைத்துக்கொண்டு யோசித்தால், நம் விமர்சனத்தில் முப்பது ஆண்டுகளாகப் பேசித் தீராத ஒரு விஷயத்தை வேறு வழியில் அணுகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலிரண்டு பேரும் தவறு என்பது என் கட்சி. எந்த இடத்தில் தவறு என்பதற்குக் கொஞ்சம் விழித்திரைக்குள் போகவேண்டும்.

*

1990இல் தொடங்கிய ஒரு தமிழ்ச் சிற்றிதழ் 'நிறப்பிரிகை' என்று பெயர் வைத்துக்கொண்டது. அழகான பெயர். வெள்ளை ஒளி ஒற்றையானது, தூய்மையானது என்று நம்பிக்கொண்டிருந்த உலகத்திடம், முப்பட்டகக் கண்ணாடி ஒன்றை வைத்து, அது கலவை என்று 1660களில் நியூட்டன் காட்டினார். தூய்மை, மையம், ஒருமை என்பவற்றைப் பிரித்துக் காட்ட வந்த அரசியலுக்கு அதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைக்காது. அந்த இதழைப் படித்து வளர்ந்தவர்களிடமிருந்துதான் நான் படித்தேன். அந்தக் கடனை மறுக்கவில்லை. ஆனால் உருவகத்தை அப்படியே மனிதருக்குப் பொருத்தும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. முப்பட்டகம் பிரிக்கிறது. கண் பிரிப்பதில்லை.

ஒளியின் அலைநீளங்களில் ஏறத்தாழ 380 நானோமீட்டரிலிருந்து 750 வரையிலான சிறு கீற்றுதான் நமக்குத் தெரிகிறது. அந்தக் கீற்றுக்குள் எண்ணற்ற அலைநீளங்கள். அவற்றை வாங்கிக்கொள்ள விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் உண்டு. (மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் வேறு, 12 கோடி, அவற்றுக்கு நிறம் தெரியாது. நிலா வெளிச்சத்தில் எல்லாப் பசுவும் ஒரே நிறமாக நிற்பது அதனால்தான்.) கூம்புகள் மூன்றே வகை. ஒன்று 420 நானோமீட்டரை ஒட்டியும், ஒன்று 530ஐ ஒட்டியும், மற்றொன்று 560ஐ ஒட்டியும் அதிகமாகத் தூண்டப்படுகின்றன. ஒரு கூம்புக்குத் தன்மேல் விழுந்தது எந்த அலைநீளம் என்று தெரியாது. எவ்வளவு தூண்டப்பட்டேன் என்று மட்டும் சொல்லும். மூன்று பேரின் தகவலையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்த்துத்தான் நரம்பு மண்டலம் நிறத்தை முடிவு செய்கிறது. அதாவது, எத்தனை சிக்கலான ஒளி வந்தாலும் கண் அதை மூன்று எண்களாகச் சுருக்கிவிடுகிறது. மற்றதெல்லாம் வாசலிலேயே போய்விடுகிறது.

இதன் விளைவு விசித்திரமானது. தனி மஞ்சள் அலைநீளமும், சிவப்பும் பச்சையும் சரியான அளவில் சேர்ந்த கலவையும் நமக்கு ஒரே மஞ்சள்தான். டி.வி. திரையில் நாம் பார்க்கிற மஞ்சள் முழுக்க இந்த ஏமாற்று. அங்கே மஞ்சள் ஒளியே கிடையாது. காது இப்படி ஏமாறாது. அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது வில், குடம், உடுக்கை, தாளம் எல்லாம் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆனாலும் குடம் அடிக்கிறவர் தாளம் தப்பினால் தனியாகக் கேட்கிறது. கண்ணில் குடமும் உடுக்கையும் சேர்ந்து மூன்றாவது கருவி ஒன்றாகிவிடும். மூலம் இரண்டும் காணாமல் போகும். எனவே காதைத்தான் நிறப்பிரிகை என்று சொல்லவேண்டும். கண் வித்தியாசங்களை அழிக்கிற உறுப்பு.

இது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, கடைக்கு வெளியே வெயிலில் ஒருமுறை கொண்டுவந்து பார்ப்பார்கள். உள்ளே ஒன்றாக இருந்த இரண்டு துணியும் வெளியே வேறுவேறாக நிற்கும். கண்ணுக்கு வந்த மூன்று எண்கள் டியூப்லைட்டில் ஒத்துப்போயின, வெயிலில் ஒத்துப்போகவில்லை. 'கண்ணால் பார்த்தேன்' என்று சாட்சி சொல்வதற்கு முன் எந்த வெளிச்சத்தில் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. வெயிலில் கிடக்கிற கரிக்கட்டையிலிருந்து கண்ணுக்கு வருகிற ஒளி, அறைக்குள் மேசைமேல் கிடக்கிற வெள்ளைத்தாளிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அதிகம். இருந்தும் கரி கருப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிகின்றன. ஏனென்றால் கண் ஒளியின் அளவை எடுப்பதில்லை. பக்கத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது. கருப்பு என்பது ஒரு பொருளுக்குள் உட்கார்ந்திருக்கிற குணம் அல்ல, அக்கம்பக்கத்தோடு அதற்குள்ள உறவு. யதார்த்தவாதி நண்பர் 'அந்தப் பிள்ளை கருப்பு' என்றபோது அவர் கண் ஓர் ஒப்பீட்டைச் செய்துமுடித்துவிட்டிருந்தது. யாரோடு ஒப்பிட்டது என்பது மட்டும் அவர் வாக்கியத்தில் இல்லை.

*

கண்ணை நம்பியவர்களில் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சி. வி. ராமன், 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்ற ராலேயின் கருத்தைச் சந்தேகித்தார். சட்டைப்பைக்குள் அடங்குகிற நிக்கல் பட்டகம் ஒன்றை வைத்து, நீர்ப்பரப்பிலிருந்து பிரதிபலித்து வருகிற வான ஒளியை அணைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் அப்போதும் இருந்தது. கடல் தானே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அதே ஆண்டு எழுதினார். அங்கே தொடங்கிய பாதை 1930இல் நோபலில் முடிந்தது. (நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதற்கும் அந்த நீலத்தில் பெரிய பங்கு உண்டு என்று இன்று சொல்கிறார்கள், அது கிடக்கட்டும்.)

அதே ராமன் வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் கண்ணுக்குத் திரும்பினார். ரோஜாக்களையும் தோட்டத்துப் பூக்களையும் நிறமாலைமானியால் பார்த்துப் பார்த்து எழுதினார். 1968இல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு முழுநூல் கொண்டுவந்தார். மூன்று கூம்புக் கொள்கை தவறு என்பது அதில் அவர் வாதம். தாமஸ் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்னதைத் தூக்கி எறிந்தார். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1964இல், அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனிக் கூம்பு செல்லுக்குள் ஒளியைச் செலுத்தி அளந்து, வகை மூன்றுதான் என்று காட்டியிருந்தன. ராமன் ஏற்கவில்லை. அவருக்கு நிறமாலை ஓர் உடைபடாத தொடர்ச்சி. அத்தனை நுட்பமான நிறபேதங்கள் வெறும் மூன்றிலிருந்து எப்படி வரும் என்பது அவர் ஆட்சேபம்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. பிப்ரவரி 28ஐ அறிவியல் நாளாகக் கொண்டாடுகிற பள்ளிக்கூடங்களில் இந்த இரண்டாவது ராமனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கு இந்த ராமன்தான் சுவாரஸ்யம். கடலைப் பார்த்தபோது அவர் தன் கண்ணைச் சந்தேகித்தார், கண்ணுக்கு முன்னால் ஒரு பட்டகத்தை வைத்தார். கண்ணைப் பற்றிப் பேசும்போதோ தன் கண்ணின் அனுபவச் செழுமையையே ஆதாரமாக்கிக்கொண்டார். அனுபவம் செழுமையாக இருப்பதாலேயே அதன் அடிப்படையும் செழுமையாகத்தான் இருக்கும் என்று நம்புவது யதார்த்தவாத எழுத்தாளர்களுக்கும் உள்ள நோய்.

*

இனி மொழிவாதி நண்பரிடம் வருவோம். வானவில்லில் ஏழு நிறம் என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். நிறமாலையில் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களைச் சொல்லி, இசையின் ஏழு சுரத்துக்கு ஈடாக வரவேண்டும் என்பதற்காக ஆரஞ்சையும் இன்டிகோவையும் பின்னர் சேர்த்தார். அதில் இன்டிகோ என்பது இந்தியச் சரக்கு என்ற பொருளில் கிரேக்க லத்தீன் வழியாகப் போன சொல், நம்மூர் அவுரி. ஆரஞ்சு என்ற சொல்லுக்கும் நம் நாரத்தைக்கும் உறவு உண்டு என்கிறார்கள் சொற்பிறப்பாளர்கள். நம் தோட்டத்துக் காயும் நம் சாயச் செடியும் கப்பலேறிப் போய், நியூட்டனின் வானவில்லில் ஏறி உட்கார்ந்து, பாடப்புத்தகம் வழியாக இயற்கை விதியாகத் திரும்பி வந்திருக்கின்றன. கன்னியாகுமரிக் கடற்கரையில் கலர் மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நின்றுபோன கல்யாணத்தின் அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று கதை. அந்தக் கதையை நம்பாதவர்கள்கூட நியூட்டனின் ஏழை நம்புகிறார்கள்.

இதுவரை மொழிவாதி பக்கம்தான் நியாயம். தமிழின் 'பச்சை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீர், பச்சைக் காய், பச்சைப் பிள்ளை, பச்சை உடம்பு, பச்சை மண், பச்சைப் பொய். இதில் எத்தனை இடத்தில் 530 நானோமீட்டர் இருக்கிறது? வேகாதது, காயாதது, முதிராதது, ஈரம் உள்ளது என்பதே அந்தச் சொல்லின் அடிமனம். அதற்கு எதிர் சிவப்பு அல்ல. பழுத்தது, அதாவது பழுப்பு. பிலிப்பைன்ஸின் ஹனுனோ மக்களைப் பற்றி ஹெரால்ட் காங்க்ளின் 1955இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று உண்டு. அவர்களுடைய நான்கு அடிப்படை நிறச்சொற்களில் ஈரம், உலர்வு என்ற பேதம் நிறபேதத்தோடு பின்னிக்கிடக்கிறது என்று அவர் காட்டினார். இளமூங்கிலை வெட்டினால் உள்ளே தெரிகிற பழுப்பு ஈரம்கூட அவர்களுக்குப் 'பச்சை'தான். படித்தபோது நம் பாட்டிமார் பேச்சு போலத்தான் எனக்கு இருந்தது.

ஆனால் இதே இடத்தில் இருந்துதான் காலனியம் வேறு திசையில் போயிற்று. ஹோமரில் நீலத்துக்குச் சொல் காணோமே என்று கிளாட்ஸ்டன் (ஆமாம், பின்னாளில் பிரதமரானவர்தான்) 1858இல் எழுதினார். பழங்கால கிரேக்கருக்கு நிறப்புலன் முதிரவில்லை என்று முடிவு கட்டினார். அதன் தொடர்ச்சியாக, ரிவர்ஸ் என்ற மருத்துவர் 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளிலும், 1901-02இல் நம் நீலகிரித் தோடர்களிடமும் வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லிச் சோதித்தார். டோரஸ் தீவினர் நீலத்தைப் பிரித்தறிவதில் காட்டிய தடுமாற்றத்துக்கு விழித்திரையின் மஞ்சள் நிறமி காரணமாக இருக்கலாம் என்றும் யோசித்தார். சொல் இல்லை, எனவே கண்ணில் குறை, எனவே பரிணாமத்தில் கீழ்ப்படி என்கிற ஏணி இது. மொழிதான் நிறத்தைப் படைக்கிறது என்ற வாதத்தை முழுசாக எடுத்துக்கொண்டால் இந்த ஏணியை உடைக்க முடியாது என்பதை நம் நண்பர்கள் கவனிப்பதில்லை. சொல் இல்லாதவருக்கு நிறமும் இல்லை என்றால் கிளாட்ஸ்டன் சொன்னது சரிதானே?

1969இல் பெர்லினும் கேயும் 98 மொழிகளை ஒப்பிட்டு, நிறச்சொற்கள் தாறுமாறாகப் பிறப்பதில்லை, கருப்பு, வெள்ளை, பிறகு சிவப்பு என்று ஓர் ஒழுங்கில் வருகின்றன என்று சொன்னார்கள். அவர்களுடைய முறைமீது இன்றுவரை சண்டை நடக்கிறது. அந்த ஒழுங்கிலும் ஒரு படிக்கட்டு வாசனை எனக்கு அடிக்கிறது. ஆனாலும் மொழிக்கு முன்னால் மூன்று கூம்பு நிற்கிறது என்பதை மறுக்க முடியாது. சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிற இரண்டு கூம்புகளின் உச்சத்துக்கும் இடைவெளி வெறும் 30 நானோமீட்டர். ஒரே மரபணு இரட்டித்துப் பிரிந்ததால் வந்தது. மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன், நம் குரங்கு முன்னோருக்கு இலைக்குள் இருக்கிற பழத்தையோ செந்தளிரையோ கண்டுபிடிக்க அது உதவியிருக்கலாம் என்கிறார்கள். பச்சைக்கு எதிர் பழுத்தது என்று தமிழ் சொல்வதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது என் அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் விடவும் மனசில்லை.

வாழைக்குலை நண்பருக்கு அந்த 30 நானோமீட்டர் இடைவெளிதான் இல்லை. சிவப்பு, பச்சை என்ற சொற்கள் இரண்டும் அவரிடம் உண்டு, இடம் பார்த்து ஒழுங்காகப் பயன்படுத்தவும் செய்கிறார். சொல் இருந்தும் நிறம் வரவில்லை. மொழிவாதி இவரைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

*

சரி, கண் ஒரு வரம்பு, மொழி ஒரு வரம்பு. இரண்டுக்கும் நடுவில் யாருடைய கை? எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஒரே ஆளின் நிறத்தை எடுத்துப் பார்க்கலாம். தொல்காப்பியத்தில் முல்லைக்குரியவன் மாயோன், பெயரே கருமை. பழந்தமிழில் நீலம் என்பதும் கருமையை ஒட்டிய சொல். முப்பந்தல் இசக்கியாக நாம் கும்பிடுகிற நீலியின் பெயரிலும் அந்த இருட்டு இருக்கிறது. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் (மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனை கேரளத்திடம் நின்றுகொண்டது) உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் உள்ளன. சாதாரணமாக அங்கே யாரையும் விடமாட்டார்கள். அந்தக் கேரள மரபில் கரியவன் பச்சை. அவுரியோடு மஞ்சள் பிசினைக் கலந்து எடுத்த பச்சை. கதகளியில் நல்ல நாயகனின் வேஷமும் 'பச்சை'தான். அதே தக்கலைக் கடைத்தெருவில் தொங்குகிற சிவகாசிக் காலண்டரில் அவன் ஆகாய நீலம். கோவில்பட்டி கொண்டையராஜுவின் பரம்பரை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து மாட்டிய நீலம்.

கருப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உடம்பு. சங்க காலத்துக்கும் தக்கலைக்கும் சிவகாசிக்கும் கண் ஒன்றுதான், கூம்பு மூன்றுதான். சாயம், சுவர், அச்சு, அதற்குக் காசு கொடுத்த கை ஆகியவைதான் மாறின. கருப்பு மட்டும் எப்படியாவது வெளியே போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். சாமியே ஆனாலும் கருப்பை நேரடியாகப் பார்க்க ஒரு கூச்சம்.

*

வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் இன்னும் தெளிவாகும். தூய வெள்ளை வேட்டி தானாக வெள்ளையாக இருப்பதில்லை. பருத்தி பழுக்கப் பழுக்க மஞ்சள் தட்டும். அதில் சொட்டு நீலம் போட்டு அலசினால் மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கண்ணுக்கு வெள்ளையாகப் படும். துணியிலிருந்து வருகிற ஒளி உண்மையில் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் முன்பைவிட வெளுப்பாகத் தெரியும். கண்ணின் இந்த ஒப்பீட்டுப் பழக்கம் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு வெகுகாலம் முன்பே வெளுக்கிறவருக்குத் தெரியும். வண்ணான் என்ற சொல்லுக்குள் வண்ணம் இருக்கிறது. பிறர் வெள்ளையை உண்டாக்கித் தந்த அந்தச் சாதியை நாம் வைத்திருந்த இடத்தை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. மேடையில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிற வெள்ளைவேட்டியைக் 'கண்ணால் பார்த்து' எழுதுகிற கதையில் நீலமும் வராது, வெளுத்த கையும் வராது.

இன்னும் பெரிய வெள்ளை ஒன்று எங்கள் கடற்கரையில் இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கரையின் மணல் கருப்பு. அந்தக் கருப்பு இல்மனைட். அதில் உள்ள டைட்டானியத்தைப் பிரித்து ஆக்சைடாக்கினால் உலகத்திலேயே மிக வெள்ளையான சாயப்பொடி கிடைக்கிறது. வைரத்தைவிட அதிகமாக ஒளியை விலக்கும் பொருள். எந்த அலைநீளத்தையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் வந்ததையெல்லாம் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். 1920களிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை உலகச் சந்தையின் இல்மனைட்டில் பெரும்பங்கு திருவிதாங்கூர் மணல்தான். வெளிநாட்டுச் சுவர்களுக்கும் தாளுக்கும் அடித்த வெள்ளை, எங்கள் கருமணல். இன்றும் சுவர்ப் பெயின்டிலிருந்து முகத்துக்குப் பூசுகிற களிம்பு வரை அதே பொடி. இதே மணலில் உள்ள மோனசைட்டை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டார். அதன் தோரியம் கேஸ் விளக்குகளின் மேன்டிலுக்குப் போயிற்று. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம். ஐரோப்பிய நகரத் தெருக்கள் அந்த வெளிச்சத்தில் நின்றன. நம் கொடைகளில் எரிந்த பெட்ரோமாக்ஸும் அதுதான்.

மணல் அள்ளிய ஊர்களுக்கு மிஞ்சியது வேறு. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில், கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு முதலான பகுதிகளில், இன்னும் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கிற திட்டம் பேசப்பட்டபோது கடற்கரை ஊர்கள் திரண்டு எதிர்த்தன. அந்த எதிர்ப்பை கதிர்வீச்சு, கடலரிப்பு, புற்றுநோய் என்ற சொற்களில் பேசினார்கள். அவைதான் அவசரமான சொற்கள். நிறம் என்ற சொல்லாலும் அதைப் பேசலாம் என்பது, அந்தப் போராட்டத்தோடு நிற்கிற எழுத்தாளர்களுக்கு என் சிறு யோசனை. கருப்பைத் தோண்டி எடுத்து வெள்ளையாக்கி விற்கிற தொழில் அது, தோண்டப்பட்டவர்களுக்கே முகக்களிம்பாகத் திரும்பி வருவதுமுண்டு.

*

இனி அந்த 'இருந்தாலும்'. 'கருப்பாக இருந்தாலும் களையாக' என்ற தொடரில் உள்ள உம்மை, கருப்பும் களையும் இயல்பாகச் சேராதவை என்று எதிர்பார்த்து, அந்த எதிர்பார்ப்பை ஒருமுறை மட்டும் மன்னித்துவிடுகிற உம்மை. கருப்பைக் கூம்புகள் தந்தன என்றே வைத்துக்கொள்வோம். களையையும் கண்ணே பார்த்தது என்று வைத்துக்கொள்வோம். 'இருந்தாலும்' எந்தக் கூம்பிலிருந்து வந்தது? அது விழித்திரையில் இல்லை. தமிழ் இலக்கணத்திலும் அது கட்டாயமில்லை. 'கருப்பாக, களையாக' என்று சொல்ல மொழி இடம் கொடுக்கிறது. யதார்த்தவாதியின் கண்ணும் மொழிவாதியின் மொழியும் இரண்டுமே பொறுப்பேற்காத இடத்தில்தான் அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. பெண்பார்க்கும் சந்தை அது, சாதி அது, களிம்பு விற்கிற கம்பெனி அது. 1975இல் வந்த பிரபலமான களிம்பு ஒன்று 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. சொல் போனது, சரக்கு அப்படியே கடையில் இருக்கிறது. சொல்லை மாற்றினால் உலகம் மாறும் என்கிற நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்பதும் இல்லை. சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகுக்குச் சொன்ன நிறம் மாமை. உரைகள் பெரும்பாலும் மாந்தளிர் நிறம் என்கின்றன. பிரிவில் அவளுக்கு வருகிற நோய் பசலை. நிறம் வெளிறி மஞ்சள் பூப்பது. பசலை படரப்படர மாமை அழிகிறது என்பதுதான் தலைவியின் புலம்பல். குறளில் பசப்புக்கென்று தனி அதிகாரமே உண்டு. அதாவது வெளுத்துப்போவது அன்று துன்பத்தின் அடையாளம், இன்று மாதத் தவணையில் வாங்கவேண்டிய அழகு. வள்ளுவர் வெண்மை என்ற சொல்லை அறிவின்மைக்கே பயன்படுத்தியிருக்கிறார். சரிதான், உடனே சங்க காலத்தில் எல்லோரும் சமம் என்று கிளம்பிவிட வேண்டாம். மாமைக்குரிய தலைவியின் பக்கத்திலேயே பெயரில்லாத பலர் நின்றிருந்தார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: இதே கண்ணை வைத்துக்கொண்டு, இதே வெயிலில், தமிழர்கள் வேறு மாதிரி ஒப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த மாமையின் மிச்சம்தான் இன்றைய 'மாநிறம்' என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாண விளம்பரங்களில் அது சமரசச் சொல். சிவப்பு என்று பொய் சொல்ல முடியாதபோது, கருப்பு என்று உண்மை சொல்ல மனம் வராதபோது எழுதுவது.

நண்பரின் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போயிருக்கிறது. போன வாரம் அதே டீக்கடையில் பார்த்தேன். "நீரு சொன்னது நியாயந்தான் வே, அந்த வரிய மாத்திட்டேன்" என்று பிரதியைப் புரட்டிக் காட்டினார். 'இருந்தாலும்' போயிருந்தது. அந்தப் பெண் இப்போது மாநிறமாக, களையாக இருந்தாள்.